ஊரைப் படித்தால் உலகம் விளங்கும்

ஜெர்மன்வாட்ச் என்ற அமைப்பு தொகுத்த காலநிலை இடர்க் குறியீடு, 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் தீவிர வானிலையால் மிகவும் அடிபட்ட நாடுகளின் வரிசையில் மியான்மரை இரண்டாம் இடத்தில் வைத்தது. மாநாடுகளிலும் அறிக்கைகளிலும் இந்த இடம் தவறாமல் குறிப்பிடப்படுகிறது. ஆனால் யாங்கூனின் சந்தையில் காய்கறி விற்பவருக்கும், ஹ்லைங்தாயா ஆயத்த ஆடை ஆலைக்கு விடியலில் கிளம்பும் பெண்ணுக்கும் இந்த வரிசை எண் எதையும் சொல்வதில்லை. நாளைக்கு என்ன செய்வது, எதைக் கவனிப்பது, யாரிடம் என்ன கேட்பது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. உலகச் சராசரி வெப்பநிலை, காற்றில் கரியமில வாயுவின் அளவு, 2050இல் கடல் எவ்வளவு உயரும் என்பன போன்ற எண்களின் கதையும் இதுதான். அவை உண்மையானவை, இன்றியமையாதவை. ஆனால் கேட்பவரின் வாழ்விடத்தில் அவற்றுக்கு ஒரு பிடிமானம் இல்லாதவரை அவை செய்தியாக வந்து செய்தியாகவே போய்விடும். காலநிலை மாற்றத்தைப் பொதுமக்களுக்கு விளக்க வேண்டுமானால், தங்கள் ஊரின் மழையையும் மரத்தையும் நீரையும் கவனித்துப் பதிந்துவைக்க அவர்களுக்குக் கற்றுத்தருவதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். யாங்கூனும் அதன் தெற்கிலும் மேற்கிலும் விரிந்துகிடக்கும் ஐராவதி டெல்டாவும் இந்த வாதத்துக்கு அழுத்தமான சான்று தருகின்றன.

முதற் சான்று நர்கீஸ் புயல். 2008 மே 2ஆம் தேதி வங்கக் கடலிலிருந்து ஐராவதி டெல்டாவுக்குள் நுழைந்த அந்தப் புயல், அன்றிரவும் மறுநாள் காலையும் யாங்கூன் மீது வீசியது. நகரில் பல்லாயிரம் மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஆனால் உயிர்களைப் பெருமளவில் பறித்தது காற்றன்று, கடல். லபுட்டா, போகலே போன்ற தாழ்வான டெல்டா வட்டாரங்களில் கடல்நீர் ஐந்து மீட்டர் உயரம் வரை எழுந்தது. அதன் மேல் இரண்டு மீட்டர் அலைகள் அடித்தன. நீர் சில இடங்களில் கரையிலிருந்து 50 கிலோமீட்டர் உள்ளே வரை பரவியது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 1,38,000க்கு மேற்பட்டோரை மியான்மர் இழந்தது. இருபதாண்டுக் கணக்கில் அந்நாட்டுக்கு இரண்டாம் இடத்தைத் தேடித்தந்த உயிரிழப்பிலும் பொருளிழப்பிலும் மிகப் பெரும்பங்கு இந்த ஒரே புயலினுடையது. ஆகவே இங்கு கேட்க வேண்டிய கேள்வி, ஒரு புயல் ஏன் இத்தனை பேரைக் கொன்றது என்பதுதான்.

எச்சரிக்கை இல்லாமல் போயிற்றா என்றால், இல்லை. புயல் கரை கடப்பதற்கு 48 மணி நேரம் முன்பே இந்திய வானிலை ஆய்வுத் துறை மியான்மருக்குத் தகவல் தந்திருந்தது. புயலுக்குப் பின் டெல்டாவில் கள ஆய்வு செய்து நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் எழுதிய ஹெர்மன் ஃபிரிட்ஸ் தலைமையிலான குழு, உயிரிழப்புக்கான காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது இது: கடல் இப்படி எழுந்து ஊருக்குள் வரும் என்ற அனுபவ அறிவு அம்மக்களிடம் இல்லை. அந்த அளவுக்கு ஒரு பெருக்கை அவர்களின் நினைவுக்கு எட்டிய காலத்தில் டெல்டா கண்டதில்லை. காற்றின் வேகம் இத்தனை என்று சொன்னால் கூரையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். கடல் வீட்டுக்குள் வரும் என்று அறிந்தவர்தான் மேட்டுக்கு ஓடுவார். ஆறு மாதங்களுக்கு முன், 2007 நவம்பரில், அதே வங்கக் கடலில் சித்ர் என்ற கடும்புயல் வங்கதேசத்தைத் தாக்கியபோது இறந்தவர்கள் ஏறக்குறைய 3,400 பேர். அந்த நாடு 1970ஆம் ஆண்டுப் புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் பலிகொடுத்த பிறகு, ஊர்தோறும் தன்னார்வலர்களைப் பயிற்றி, புகலிடங்களைக் கட்டி, கடற்பெருக்கு என்றால் என்னவென்று மக்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்திருந்தது. இரண்டு நாடுகளின் நிலமும் புயலின் பாதையும் ஒன்றல்ல என்பதைக் கணக்கில் கொண்டாலும், இந்த வேறுபாட்டில் கல்விக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

அந்தக் கள ஆய்வு சுட்டிய இன்னொரு காரணம் அலையாத்திக் காடுகளின் அழிவு. 1978இல் ஐராவதி டெல்டாவில் சுமார் 2,600 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்த அலையாத்திக் காடு, 2011இல் 940 சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் போய்விட்டது. நெல்வயல்களுக்காகவும், யாங்கூன் சமையலறைகளின் அடுப்புக்கரிக்காகவும் அவை வெட்டப்பட்டன. இந்தக் கதை 1978இல் தொடங்கியதும் அன்று. 1852இல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றிய பிறகு டெல்டாவின் காடுகளும் புல்வெளிகளும் அடுத்தடுத்து நெல்வயல்களாயின. இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடாகப் பர்மா விளங்கியது. அதற்கான கடன் முதலீட்டில் பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் கடனுக்கு ஈடாக அவர்கள் கைக்கு வந்திருந்தது. ரங்கூன் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் வயல்களிலும் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். டெல்டாவின் இயற்கை வரலாற்றைப் படிப்பது தமிழர் தம் வரலாற்றின் ஒரு பகுதியைப் படிப்பதும் ஆகும்.

அலையாத்திக் காடு இருந்திருந்தால் உயிர்கள் பிழைத்திருக்குமா? இயற்கைக் கல்வி நேர்மையாக நடக்க வேண்டிய இடம் இதுதான். 'மரம் நட்டால் புயல் நிற்கும்' என்று சுவரொட்டியில் எழுதுவது எளிது. அறிவியல் சொல்வது அதைவிட நுட்பமானது. 1999ஆம் ஆண்டு ஒடிசா பெரும்புயலை ஆராய்ந்த சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் இருவரும், கேந்திரபாடா மாவட்டத்தில் தமக்கும் கடலுக்கும் இடையே அகலமான அலையாத்திக் காடு இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று 2009இல் நிறுவினார்கள். அதே ஆய்வு, அரசின் முன்னெச்சரிக்கை இன்னும் அதிகமான உயிர்களைக் காத்தது என்றும் கண்டது. 2004 ஆழிப்பேரலையின்போது கடலூர் மாவட்டத்தில் மரங்கள் அடர்ந்த கரைக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைவாகச் சேதப்பட்டதாக ஓர் ஆய்வு 2005இல் வந்தது. அந்த ஊர்கள் மேட்டிலும் கடலிலிருந்து தள்ளியும் இருந்ததே காரணமாக இருக்கலாமே என்று வேறு அறிவியலாளர்கள் மறுத்தெழுதினார்கள். இந்த விவாதத்தை மறைக்காமல் மாணவர் முன் வைப்பதே நல்ல பாடம். பிச்சாவரத்துக்கோ ஐராவதி டெல்டாவின் மைன்மஹ்லா தீவுக்கோ அழைத்துப்போய், வேர்கள் நீரோட்டத்தை எப்படித் தளர்த்துகின்றன, வண்டலை எப்படிப் பிடித்துவைக்கின்றன என்று காட்டலாம். கூடவே, காடு மட்டும் போதாது, எச்சரிக்கையும் புகலிடமும் வேண்டும் என்று சொல்லும்போது கேட்பவருக்கு நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

இதுவரை சொன்னது இடரைப் பற்றி. காலநிலை மாற்றம் என்பது அதிலிருந்து இன்னொரு படி மேலே. நர்கீஸ் என்ற தனியொரு புயலைப் புவி வெப்பமாதல் உண்டாக்கியது என்று சொல்ல அறிவியலில் இடமில்லை. சொல்ல முடிவது வேறு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. அதனால் சூடேறும் கடல் புயலுக்குக் கூடுதல் ஆற்றலைத் தருகிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் உலக அளவில் கடும்புயல்களின் விகிதம் கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்று பன்னாட்டுக் காலநிலைக் குழு 2021இல் மதிப்பிட்டது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்கிறபோது கொட்டித்தீர்க்கும். 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் அந்த உயர்வு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தைத் தொட்டிருக்கிறது. இனி வரும் எந்தப் புயலும் இந்த உயர்ந்த மட்டத்தின் மேல் நின்றுதான் கரையேறும். கடலைவிட ஓரிரு மீட்டர் மட்டுமே உயரமான டெல்டாவில் 20 சென்டிமீட்டர் என்பது சிறிய அளவன்று.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டரை யார் கண்ணால் காண முடியும்? காலநிலை என்பது பல பத்தாண்டுகளின் சராசரி. மனித நினைவோ சென்ற ஆண்டின் வெள்ளத்தையும் இந்த ஆண்டின் வெயிலையும் மட்டும் பெரிதாக வைத்துக்கொள்ளும். மாற்றத்தைக் காணும் கருவி கண்ணைவிடக் குறிப்பேடுதான். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலர்கள் உச்சமாகப் பூக்கும் நாளை அரசவைக் குறிப்புகளும் நாட்குறிப்புகளும் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதிந்துவைத்திருக்கின்றன. 2021இல் அந்த நாள் மார்ச் 26 ஆனபோது, 1,200 ஆண்டுப் பதிவில் அதுவே மிக முந்தியது என்று சொல்ல முடிந்தது. எந்தச் செயற்கைக்கோளும் பிறப்பதற்கு முன் பூவைப் பார்த்து நாள் எழுதிவைத்தவர்கள் நமக்குக் கொடுத்த சான்று அது. தமிழருக்கும் இப்படிப்பட்ட கண் புதிதன்று. குறிஞ்சி நிலத்து மக்கள் வேங்கை பூப்பதைக் கொண்டு தினை அறுவடைக்கும் திருமணத்துக்கும் காலம் கணித்ததைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. கணித்தார்கள், ஆனால் ஆண்டு வாரியாக எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் தென்னிந்தியக் காலநிலையின் விலைமதிப்பற்ற ஆவணமாக அது இன்று இருந்திருக்கும்.

அந்த வேங்கையின் உறவுமரமான பிடாவுக், யாங்கூனின் தெருக்களில் நிழல் தருகிறது. ஏப்ரல் நடுவில் வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவின் மலர் அது. கோடையின் முதல் மழை விழுந்ததும் மரம் முழுதும் மஞ்சளாகப் பூத்து ஒரே நாளில் உதிர்ந்துவிடும் என்பது பர்மிய மக்களின் பரவலான அனுபவம். நகரத்தின் ஒவ்வொரு பள்ளியும் தன் வாசலில் உள்ள பிடாவுக் எந்த நாளில் பூத்தது, முதல் மழை எந்த நாளில் விழுந்தது, பருவமழை எந்த நாளில் நிலைகொண்டது என்ற மூன்றே குறிப்புகளை ஆண்டுதோறும் எழுதினால் போதும். யாங்கூனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, சென்னையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது மே கடைசி முதல் அக்டோபர் வரை ஆறு மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். தென்மேற்குப் பருவமழை தாமதமாகத் தொடங்கி முன்னதாக முடிவதால் அதன் காலம் சுருங்கிவருகிறது என்று மியான்மரின் 2012ஆம் ஆண்டுத் தேசியத் தகவமைப்புத் திட்டமே பதிவுசெய்திருக்கிறது. அரசு ஆவணத்தில் உறங்கும் இந்த உண்மையை ஒரு பிள்ளை தன் பள்ளியின் குறிப்பேட்டில் தானே கண்டுபிடிக்கும்போது, அது கேட்டறிந்த செய்தி என்ற நிலையைக் கடந்து அவள் அறிந்த செய்தியாகிவிடும்.

மழைக்காலம் சுருங்கினால் என்ன என்று கேட்பவருக்கு யாங்கூன் ஆற்றின் தென்கரையிலுள்ள டாலா பதில் சொல்லும். பெருநகருக்கு எதிர்க்கரையில் இருந்தும் டாலாவின் பெரும்பகுதி மக்கள் மழைநீர் தேங்கும் குளங்களை நம்பி வாழ்கிறார்கள். நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். அக்டோபரில் நிரம்பும் குளம் மறு மே வரை தாங்க வேண்டும். ஏப்ரலில் குளங்கள் வற்றத் தொடங்கியதும் குடங்களும் கேன்களும் வரிசையில் நிற்க, அறக்கட்டளைகளும் தனிமனிதர்களும் யாங்கூனிலிருந்து நீர் கொண்டுவந்து தானமாகத் தருவது ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. ஒரு குளத்தின் நடுவே அளவுகோல் ஒன்றை நட்டு வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்துவந்தால், அதற்குள் காலநிலை அறிவியலின் பாதிப் பாடங்கள் அடங்கிவிடும். மழை எப்போது நின்றது, வெயிலில் எவ்வளவு ஆவியாயிற்று, மக்கள் எவ்வளவு எடுத்தார்கள், மண் எவ்வளவு தூர்ந்திருக்கிறது, கடலின் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பனவெல்லாம் அந்த ஓர் அளவுகோலில் வந்து சேர்கின்றன. இது ஏட்டுப் பயிற்சியாக நின்றுவிடவும் செய்யாது. இன்னும் இத்தனை வாரங்களுக்கே நீர் வரும் என்று பிப்ரவரியிலேயே சொல்ல முடிந்தால், ஊர் முன்கூட்டியே ஆயத்தமாகலாம், எந்தக் குளத்தை முதலில் தூர்வாருவது என்று முடிவெடுக்கலாம்.

இந்த வழிக்கு எதிராக எழும் முதல் மறுப்பு வலுவானது. உள்ளூர்க் கவனிப்பு தவறான முடிவுக்கு இட்டுச்செல்லாதா? ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் யாங்கூன், மரத்தையும் குளத்தையும் இழந்து கான்கிரீட்டால் மூடப்பட்டு வருகிறது. அங்கே சூடு கூடியதற்கு நகரமே காரணமாக இருக்கலாம். டாலாவின் குளம் வற்றியதற்கு மக்கள்தொகை காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டும் பழக்கத்தை இது வளர்த்துவிடாதா? அந்த ஆபத்து உண்மையானது. அதனால்தான் கவனிப்போடு ஒப்பீடும் சேர வேண்டும் என்கிறோம். ஒரே நாளில் இன்யா ஏரிக்கரையிலும், நகர மையத்தின் நெருக்கமான தெருவிலும், வடக்கே ஹ்லோகா காட்டுக்குள்ளும் வெப்பநிலையை அளந்தால், நகரம் தானாகச் சேர்த்துக்கொண்ட வெப்பம் எவ்வளவு என்பது மாணவருக்கே தெரிந்துவிடும். அதற்கு மேல் இருப்பதை விளக்க உலகம் தேவைப்படும். 2024 ஏப்ரல் 28 அன்று மத்திய மியான்மரின் சவுக் என்ற ஊரில் வெப்பம் 48.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. யாங்கூனிலும் அந்த மாதம் 40 டிகிரி பதிவாயிற்று. மியான்மரும் இந்தியாவும் உள்ளடங்கிய பரப்பில் அத்தகைய ஏப்ரல் வெப்பம் நேரும் வாய்ப்பை மனிதரால் நேர்ந்த காலநிலை மாற்றம் சுமார் 45 மடங்கு கூட்டியிருக்கிறது என்று உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு கணித்தது. நகரத்தின் பங்கையும் உலகத்தின் பங்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே இரண்டுக்கும் தீர்வு கேட்கத் தெரிந்தவர்.

இரண்டாவது மறுப்பு, இப்படிப்பட்ட கல்வியால் உண்மையில் பயன் விளைகிறதா என்பது. இதற்கு அளந்தறிந்த சான்றுகள் இருக்கின்றன. 2007, 2008ஆம் ஆண்டுகளில் 119 நாடுகளில் நடந்த கருத்தெடுப்பின் தரவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, உலகின் வயதுவந்தோரில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் காலநிலை மாற்றம் என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை என்று கண்டது. இந்தியா, வங்கதேசம் போன்ற நாடுகளில் இந்த அளவு இன்னும் அதிகம். விழிப்புணர்வை உலகளவில் அதிகம் தீர்மானித்தது கல்வி. ஆனால் அதை ஆபத்தாக உணர்வதை ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அதிகம் தீர்மானித்தது, தம் ஊரின் வெப்பநிலை மாறியிருக்கிறது என்று மக்கள் உணர்ந்தது. கல்வியும் உள்ளூர் அனுபவமும் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2019இல் டேனியல் லாசன் குழுவினர் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. உள்ளூர் வனவிலங்குகளை மையமாக வைத்துக் காலநிலைப் பாடம் படித்த 10 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் பெற்றோரிடமும் அக்கறை கூடியது. தொடக்கத்தில் அக்கறையற்றிருந்த தந்தையரிடமும் பழமைவாதக் கருத்துடையோரிடமும் மாற்றம் அதிகம். அவர்களை அசைத்தவர்களில் மகள்கள் முன்னே நின்றார்கள். குடும்பமே பள்ளியாக இயங்கும் நம் சமூகங்களில் இந்த வழிக்கு இன்னும் வலு இருக்கும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

அக்கறை கூடினாலும் வயிற்றுப்பாடு இடம்கொடுக்காதே என்பது மூன்றாவது மறுப்பு. உண்மைதான். அறிவு மட்டும் நடத்தையை மாற்றிவிடாது. யாங்கூனுக்குக் கிழக்கே மோட்டமா வளைகுடாவின் சேற்றுப் பரப்பு இதைக் கற்பிக்கிறது. கரண்டி போன்ற அலகு கொண்ட சின்னஞ்சிறு உள்ளான் ஒன்று ரஷ்யாவின் வடகிழக்கு ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. உலகில் ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியுள்ள அந்த இனத்தின் மிக முக்கியமான குளிர்கால இடம் இது என்பது 2008 முதல் நடந்த கணக்கெடுப்புகளில் தெரியவந்தது. கரையோர ஏழைகள் உணவுக்காக வலைவிரித்துக் கரைப்பறவைகளைப் பிடித்துவந்தார்கள். யாங்கூனில் இயங்கும் பாங்கா என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் அதன் பன்னாட்டுத் துணைவர்களும் ஊர் ஊராகப் போய்ப் பறவையின் கதையைச் சொன்னதோடு நிற்கவில்லை. பறவை வலையைக் கைவிடுவோருக்கு மீன்வலையும் வேறு தொழிலுக்கான உதவியும் கொடுத்தார்கள். வேட்டை வெகுவாகக் குறைந்தது. 2017இல் வளைகுடா ராம்சர் ஈரநிலமாயிற்று. கல்வி கண்ணைத் திறந்தது, பிழைப்புக்கான மாற்றுவழி காலை நகரவைத்தது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் இது நடந்திராது. அந்தப் பறவையின் பிறப்பிடமான ஆர்க்டிக், உலகின் பிற பகுதிகளைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறிவருகிறது என்ற செய்தியை இப்போது அந்த மீனவரிடம் சொன்னால், அது அவருக்குத் தூரதேசச் செய்தியாக இருக்காது.

நான்காவது மறுப்பு நீதியைப் பற்றியது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். புதைபடிவ எரிபொருளிலிருந்து உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் மியான்மரின் பங்கு நூற்றில் ஒன்றைவிட மிகமிகக் குறைவு. அப்படியிருக்க, மரம் நடு, குளத்தை அளந்து எழுது என்று ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது, குற்றவாளியை விட்டுவிட்டு அடிபட்டவருக்கு அறிவுரை சொல்வதாகாதா? இயற்கைக் கல்வி மரநடு விழாவோடு நின்றுவிட்டால் கட்டாயம் அப்படித்தான் ஆகும். அதனால்தான் குளத்தில் தொடங்கும் பாடம் நிலக்கரி, பெட்ரோலியம், அவற்றை எரித்து வளம்பெற்ற நாடுகள் என்ற இடம் வரை போயாக வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியிருக்கிறது. காரணம் தெரியாதவர் இழப்பை விதி என்று ஏற்றுக்கொள்வார். காரணம் தெரிந்தவர் இழப்பீடு கேட்பார். தன் ஊரில் பருவமழை எத்தனை நாள் சுருங்கியது, உப்பு எத்தனை வயலில் ஏறியது என்ற பதிவு கையில் இருக்கும் சமூகத்தின் கோரிக்கைக்கு உலக அரங்கில் எடை அதிகம். நீதி கேட்பவருக்கும் முதலில் வேண்டியது சான்று.

போரும் இடப்பெயர்வும் வறுமையும் சூழ்ந்திருக்கும்போது பூவையும் பறவையையும் பற்றிப் பேசுவதா என்று கேட்பவர்களும் உண்டு. 2021 பிப்ரவரி ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மியான்மரில் பல வளர்ச்சித் திட்டங்கள் நின்றுபோயின, தன்னார்வ அமைப்புகளின் வெளி சுருங்கியது. மின்வெட்டால் யாங்கூனின் பல வீடுகள் மீண்டும் அடுப்புக்கரிக்குத் திரும்பின. அந்தக் கரியில் ஒரு பங்கு அலையாத்திக் காட்டிலிருந்து வருகிறது. ஆகவே நகரத்தில் மின்சாரம் போவதும் கடற்கரை காப்பிழப்பதும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள். நெருக்கடி தணிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அடுத்த புயல் காத்திருக்காது. 2023 மே 14 அன்று மோக்கா புயல் ராக்கைன் கரையில் ஏறியபோதும், 2024 செப்டம்பரில் யாகி புயலின் மிச்சம் நாட்டின் நடுப்பகுதியை வெள்ளத்தில் ஆழ்த்தியபோதும் நெருக்கடி நடந்துகொண்டுதான் இருந்தது. பெரிய அரசுத் திட்டங்களை எதிர்பார்க்க முடியாத காலத்துக்குப் பொருந்தும் கல்வி, செலவு குறைந்ததாகவும் ஊராரே நடத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஒரு மழைமானி, ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு, அவற்றைத் தவறாமல் பார்க்கும் இரண்டு பேர் என்பதற்கு மேல் இதற்குத் தொடக்கச் செலவு இல்லை.

இதற்கான இடங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. ஊருக்கு ஊர் பௌத்த மடங்கள் இருக்கின்றன. மழைக்காலத்து மூன்று மாதங்கள் துறவிகள் மடத்திலேயே தங்கும் மரபு இருக்கிறது. மழையின் வரவை எழுதிவைக்க அதைவிடப் பொருத்தமான இடமும் காலமும் வாய்க்காது. ஹ்லோகா நீர்த்தேக்கம் 1904 முதல் யாங்கூனுக்கு நீர் தருகிறது. அதையொட்டி மக்களுக்கு இயற்கையைக் கற்பிப்பதற்காகவே 1980களில் அமைக்கப்பட்ட வனவிலங்குப் பூங்கா, மான்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலா இடம் என்ற நிலையிலிருந்து, காடு எப்படி நகரத்தின் குடிநீரைக் காக்கிறது என்று காட்டும் வகுப்பறையாக உயரலாம். யாங்கூனின் தமிழ்க் கோயில்களை ஒட்டி நடக்கும் தமிழ் வகுப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆத்திசூடியும் குறளும் படிக்கும் பிள்ளை, கொன்றையும் பிடாவுக்கும் பூத்த நாளைத் தமிழில் எழுதிவைத்தால் மொழியும் வளரும், மண்ணும் அவளுக்குச் சொந்தமாகும்.

இந்தக் கல்வி யாங்கூனுக்கு மட்டும் உரியதன்று. நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் முன்னால் இருப்பதும் அதே வங்கக் கடல்தான். காவிரி டெல்டாவில் ஏறும் உப்புக்கும் ஐராவதி டெல்டாவில் ஏறும் உப்புக்கும் காரணங்கள் பெரிதும் ஒன்றே. ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் வைக்கும் வேண்டுகோள் இது: உங்கள் பள்ளியிலோ கோயில் வளாகத்திலோ ஒரு மழைமானியை இந்த ஆண்டே வையுங்கள். அதற்கு ஒரு குறிப்பேட்டைத் திறந்து, முதல் மழையின் நாளையும் குளத்தின் மட்டத்தையும் பிள்ளைகளின் கையால் எழுதச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் எந்த மேட்டுக்குப் போவது என்பதையும் அதே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பத்து ஆண்டுகள் விடாமல் எழுதினால் அந்த ஊருக்குத் தன் காலநிலையைப் பற்றிப் பேச யாருடைய அறிக்கையும் தேவைப்படாது.